காணும் பொங்கலன்று எங்கள் மெஷின் ஏன் நின்றது

ரியாக்டிவ் பவர் என்பது கரண்டில் கலந்திருக்கும் அழுக்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக. பாலில் தண்ணீர், அரிசியில் கல், கரண்டில் ரியாக்டிவ் பவர். அதைப் பொறுக்கி எறிந்து மீட்டரைப் பூஜ்யத்தில் நிறுத்துகிறவன்தான் நல்ல ஆபரேட்டர் என்று எனக்கு நானே பட்டமும் கொடுத்துக்கொண்டேன். இந்த அறிவோடு எட்டு மெகாவாட் ஜெனரேட்டர் ஒன்றை ஓட்டினேன். அதற்கு என்னைத் தனியாக வேறு விட்டிருந்தார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், ஓய்வு பெற்று வந்த தொழிற்சாலையில் பழைய பேனலைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். கண்ட்ரோல் ரூம் பையன்கள் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டார்கள்: "அண்ணா, காணும் பொங்கலன்னிக்கு கிரிட் நம்ம மெஷினைத் தள்ளிவிட்டுச்சே, நீங்க ஒத்த ஆளா நின்னு சமாளிச்சீங்களே, அதை எழுதுங்க."

ஒத்த ஆளாக நின்றது உண்மைதான். மற்றதை எழுத உட்கார்ந்தால் கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது. முதல் பத்திக்கே இரண்டு தடவை எழுந்து போய் மோட்டார் நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். "ஒரு பக்கம் எழுதறதுக்குள்ள பீர்க்கன்கரணை ஏரியையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவீங்க போலிருக்கே" என்கிறாள் விஜயா. விஜயா என் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு டயர் தொழிற்சாலை. டயரை அச்சில் வைத்து வேக வைக்க நீராவி வேண்டும். அதற்காக ஒரு பாய்லர். அந்த நீராவியை முதலில் ஒரு டர்பைன் வழியே விட்டு மின்சாரம் எடுத்துக்கொண்டு, பிறகு டயருக்கு அனுப்புவார்கள். எங்கள் ஜெனரேட்டர் கிரிட்டோடு, அதாவது வெளியிலிருந்து வரும் மின்வாரிய லைனோடு, இணைந்தே ஓடும். தொழிற்சாலையின் பெரும்பங்கு சுமை எங்களுடையது, மிச்சம் கிரிட்டுடையது.

இதில் நான் பதினான்கு வருஷம் பாய்லர் சாம்பல் பகுதியில் இருந்தேன். மூக்கு, காது, மதியச் சோறு எல்லாவற்றிலும் சாம்பல். என் சட்டைக்கு வீட்டில் தனி பக்கெட். இரவில் இருமினால் எதிர் வீட்டு நாய் பதில் சொல்லும். பிறகு, எப்படியோ தேர்வெழுதி, எப்படியோ தேறி, மூன்று மாத சோதனைக் காலத்துக்கு கண்ட்ரோல் ரூமுக்கு வந்தேன். பயிற்சி என்று ஆறு வாரம் நடந்தது. அதில் நான் உறுதியாகக் கற்றது ஏ.சி. எந்தப் பக்கம் நன்றாக வீசும் என்பது. நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்தில் என் கையால் மெஷின் ஒரு தடவை டிரிப் ஆகி நின்றாலும் மறுபடி சாம்பலுக்கு. விஜயா அந்தத் தனி பக்கெட்டை முதல் வாரமே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். எனக்கு என்னைப் பற்றி இருந்த நம்பிக்கையைவிட அவளுக்கு இருந்தது அதிகம்.

கண்ட்ரோல் ரூமின் தலைவி எஸ்தர் மேடம். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இதில் யாருக்கு யார் மேலதிகாரி என்று வெளியாள் கொஞ்சம் குழம்பலாம். அவர் வாயைத் திறந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும்.

அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. மேசை இழுப்பறையில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். பேனலில் எக்ஸைடேஷன் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. வலது பக்கம் திருப்பினால் ரெய்ஸ், இடது பக்கம் திருப்பினால் லோயர், விட்டால் தானே நடுவுக்கு வந்துவிடும். ஜெனரேட்டருக்குள் சுழலும் காந்தத்துக்கு எவ்வளவு பலம் கொடுப்பது என்பது அந்தச் சுவிட்சில்தான் இருக்கிறது. அதை மேடம் தொடும் முறை இது: ஒரு தட்டு. உடனே இரண்டு கையும் மேசை மேல். ஒரு கடலையை எடுத்து, உரித்து, உள்ளே இருப்பதைத் தின்று, தோலைக் காகிதத்தில் வைத்து, அதற்குப் பிறகுதான் மீட்டரைப் பார்ப்பார். தேவையென்றால் அடுத்த தட்டு. அடுத்த கடலை.

"முள்ளு நகர நேரம் ஆகும் அண்ணா. அது வந்து சேர்றதுக்குள்ள நீங்க நாலு தட்டு தட்டினா, அப்புறம் அது உங்களைத் தாண்டிப் போயிடும்."

"கடலை இல்லாத நாள்ல என்ன பண்றது மேடம்?"

"அன்னிக்கு சுவிட்சைத் தொடாதீங்க."

இந்த முள் எது என்று சொல்லிவிடுகிறேன். பூஜ்யம் நடுவில் இருக்கும் மீட்டர். முள் வலது பக்கம் சாய்ந்தால் எங்கள் மெஷின் ரியாக்டிவ் பவரைக் கொடுக்கிறது, இடது பக்கம் சாய்ந்தால் கிரிட்டிலிருந்து வாங்குகிறது. நேராக நின்றால் கொடுக்கல் வாங்கல் இல்லை. அப்போது பவர் ஃபேக்டர் என்ற எண் 1.00 ஆக இருக்கும். மணிக்கு ஒரு தடவை அந்த எண்ணை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும்.

இங்கேதான் எங்கள் கண்ட்ரோல் ரூமின் ரகசிய வழக்கம் வருகிறது. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, லோயரில் நாலு தட்டோ ஆறு தட்டோ தட்டி முள்ளை நேராக நிறுத்துவோம். 1.00 என்று அழகாக எழுதுவோம். எழுதி முடித்ததும் எத்தனை தட்டு இறக்கினோமோ அத்தனை தட்டு ஏற்றி, பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுவோம். இதற்கு 'முள்ளை நிமிர்த்துவது' என்று பெயர். பள்ளியில் இன்ஸ்பெக்டர் வரும்போது பையன்கள் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு உட்காருவது மாதிரி. மூன்று ஷிப்டும் செய்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. புத்தகத்தைப் புரட்டினால் பக்கம் பக்கமாக 1.00, 1.00, 1.00. எனக்கு அதைப் பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். அழுக்கே இல்லாத கரண்ட்!

ஒரு நாள் மேடத்திடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன், இந்த அழுக்கை அடியோடு ஒழித்துவிடலாமே என்று. அவர் உரித்த கடலையை வாயில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"காலையில தாம்பரத்துல ஏறி பீச் போற ரயில் வண்டியில நின்னுட்டுப் போயிருக்கீங்களா?"

"தொங்கிட்டே போயிருக்கேன் மேடம்."

"மேல கம்பியைப் பிடிச்சிருப்பீங்க. அந்தப் பிடியில போடற பலம் உங்களைக் கிண்டிக்குக் கொண்டுபோகாது. கொண்டுபோறது வண்டி. அப்ப அந்தப் பலம் வேஸ்ட்டா?"

"இல்ல..."

"விட்டுப் பாருங்க, யார் மேல விழறீங்கன்னு தெரியும். ரியாக்டிவ் பவர் நம்ம மெஷின் கிரிட்டைப் பிடிச்சிருக்கிற பிடி. கீழ இருக்கிற மோட்டாருக்கெல்லாம் காந்தம் உண்டாக அதுதான் போய்ட்டுப் போய்ட்டு வருது. எக்ஸைடேஷனை இறக்க இறக்கப் பிடி தளரும். முள்ளு இடது பக்கம் ரொம்பப் போச்சுன்னா மெஷின் கையை விட்டுடும்."

தலையாட்டினேன். கம்பி புரிந்தது, கிண்டி புரிந்தது. மெஷின் கையை விடும் என்பதை மட்டும் பேச்சுக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

சோதனைக் காலம் முடிய ஆறு நாள் இருந்தது. காணும் பொங்கல். வெளிநாட்டு ஆர்டர் இருந்ததால் எங்களுக்கு லீவு இல்லை. சுற்று வட்டாரத்தில் மற்ற தொழிற்சாலைகள் எல்லாம் மூடல். சாலை மட்டும் திறந்திருந்தது, ஆனால் நகரவில்லை. வண்டலூர் ஜூவுக்குப் பாதி சென்னை வந்திறங்கும் நாள் அது. மதிய ஷிப்டுக்கு வர வேண்டிய ஆள் ஊருக்குப் போயிருந்ததால் நானே இரண்டு ஷிப்டும் பார்த்தேன். மேடம் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இன்னொரு விஷயம்: எக்ஸைடேஷன் அளவுக்கு மீறிக் குறைந்தால் தானாகத் தடுக்கும் லிமிட்டர் கார்டு அந்த வாரம் பழுது பார்க்கப் போயிருந்தது. பேனல் கைமுறையில் ஓடியது. அதாவது வேலி இல்லை. வேலி இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

பத்து மணிக்கு முள்ளை நிமிர்த்த ஆறு தட்டு தேவைப்பட்டது. பதினொன்றுக்கு நாலு. பன்னிரண்டுக்கு மூன்று. ஒரு மணிக்கு ஒன்றே ஒன்று. இரண்டு மணிக்கு நான் பேனல் அருகே போகும்போதே முள் தானாக நேராக நின்றுகொண்டிருந்தது.

அறிவுள்ள ஒருவன் இங்கே பயந்திருப்பான். நான் சந்தோஷப்பட்டேன். லீவு நாள் என்று முள்ளுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்து, 1.00 என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதி, டிபன் பாக்ஸைத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல்.

சுற்றி இருந்த மோட்டார்கள் எல்லாம் நின்றுபோனதால் கிரிட் லைனில் வோல்டேஜ் காலையிலிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. அது ஏற ஏற எங்கள் முள் இடது பக்கம் சரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மணிக்கும் உள்ளபடி எழுதியிருந்தால் அந்தச் சரிவு புத்தகத்தில் படிக்கட்டு மாதிரி தெரிந்திருக்கும். நாங்கள்தான் படிக்கட்டைச் சமதரையாக எழுதி வைத்திருந்தோமே.

இரண்டாவது கை பொங்கல் வாய்க்குப் போகும்போது பேனலின் அபாய மணி அடித்தது. 'வோல்டேஜ் அதிகம்' விளக்கு எரிந்தது. 11 கிலோவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.6.

என் பீதியைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டும். சர்க்கரைப் பொங்கல் கையோடு எழுந்தேன். கை கழுவ நேரமில்லை என்று ஒரு நொடி, கழுவாமல் சுவிட்சைத் தொட்டால் ஒட்டுமே என்று இன்னொரு நொடி. லாக் புத்தகத்தால் பேனலுக்கு விசிறினேன், அதற்கு வியர்ப்பது மாதிரி. வோல்ட் மீட்டரைப் பார்த்து "சார், சார்" என்று கூப்பிட்டதாகவும் நினைவு.

வோல்டேஜ் அதிகம் என்றால் இறக்க வேண்டும். இறக்க என்றால் லோயர். மூன்று தட்டு, கடலை கிடையாது. வோல்டேஜ் 11.58. இடது பக்கம் போய்க்கொண்டிருந்த முள் இன்னும் இடது பக்கம் போனது. மறுபடி மூன்று தட்டு. வோல்டேஜ் அப்படியே. முள் மீட்டரின் ஓரத்தில் முட்டிக்கொண்டது. ஆம்பியர் ஏறியது. அதுவரை ஆடாத மெகாவாட் முள்ளும் மெல்ல ஆட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மாறிவிட்டது.

பாய்லர் பாபு ஓடி வந்தான். பழைய தாம்பரத்துக்காரன், என்னோடு சாம்பலில் ஏழு வருஷம் இருந்தவன்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீற? மெஷினு பல்வலி வந்தா மாதிரி மொணகுது!"

"மேடத்துக்குப் போன் போடு! போடுடா!"

போன் சுவரில். அதன் வயர் பேனல் வரை எட்டாது. பாபு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் சுவிட்சருகே நின்றேன். மேடம் ஜூ வாசலில் கூட்டத்துக்கு நடுவே ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முள்ளு எந்தப் பக்கம் கீதுன்னு கேக்குறாங்க!"

"லெஃப்ட்டு!"

"எவ்ளோன்னு கேக்குறாங்க!"

"இதுக்கு மேல போக இடமில்லன்னு சொல்லு!"

பாபு சொன்னான். ஒரு நிமிஷம் கேட்டான். "ரெய்ஸு பண்ண சொல்றாங்க சார். ஒரு தட்டு. அப்பால கைய மேசை மேல வெக்கணுமாம்."

"ரெய்ஸா? வோல்டேஜே பதினொண்ணு புள்ளி ஆறுல நிக்குதுடா! இன்னும் ஏத்தினா வெடிச்சிடும்னு சொல்லு!"

"அந்த வோல்டேஜு நம்புளுது இல்லியாம். கிரிட்டோடதாம். நாம எறக்குனா எறங்காதாம், நாமதான் புடிய வுட்டுக்கினு கீறோமாம். ரெய்ஸு பண்ணு சார், பேஜார் பண்ணாத!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாபு சுவர் பக்கம் திரும்பி, காதை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மேடத்திடம் ஏதோ கத்தினான். என் கை சுவிட்சில் இருந்தது. திருப்பினேன்.

மெகாவாட் முள் ஒரு முழு வீச்சு வீசியது. மறுபடி ஒன்று. தரை அதிர்ந்தது. பிறகு பெரிய கதவு ஒன்றை அறைந்து சாத்தியது போல பிரேக்கர் திறந்துகொண்டு மெஷினை கிரிட்டிலிருந்து துண்டித்தது. டர்பைனின் நீராவி வால்வு மூடியது. முழுச் சுமையும் கிரிட் பக்கம் விழ, எங்களுக்கு அனுமதித்த அளவைத் தாண்டியதால் கிரிட் பக்கத்துப் பிரேக்கரும் திறந்தது. தொழிற்சாலை முழுக்க இருட்டு. அச்சுகளில் இருந்த டயர்கள் அத்தனையும் பாதி வேக்காட்டில் நின்றன. போக இடமில்லாத நீராவி பாய்லர் மேலிருந்த சேஃப்டி வால்வைத் தள்ளிக்கொண்டு கூரைக்கு மேலே சீறியது. அந்தச் சத்தம் மேடத்துக்குப் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. பக்கத்து பைக்கில் இருந்த குழந்தை, "அம்மா, சிங்கமா?" என்றதாம். அம்மா, "ஆமாம்டி, பசி" என்றாளாம். மேடம் ஸ்கூட்டரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

அவர் வந்து சேர்ந்தபோது நான் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிகத் தாமதமாக. அவர் நேராகப் பேனலுக்குப் போனார். பிரேக்கரைத் திறக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேக்களைப் பார்த்தார். எதன் கொடி விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்து, தாங்கிகளைத் தொட்டுப் பார்த்து, கிரிட் மின்சாரத்தை மறுபடி வாங்கி, பாய்லரை அடக்கி, எல்லாம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் லாக் புத்தகத்தைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினார். 1.00, 1.00, 1.00.

"கடவுளே வந்து உட்கார்ந்தாலும் இப்படி ஓட்ட முடியாது அண்ணா."

"எல்லா ஷிப்டும்தான் மேடம்..."

"தெரியும். கீழ கையெழுத்து என்னுதுதான்."

அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'கிரிட் கோளாறு' என்று எழுதினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். லீவு நாள், வோல்டேஜ் உண்மையிலேயே ஏறியிருக்கிறது, யாரும் கேட்க மாட்டார்கள். பாபு ஏற்கெனவே கேன்டீனில் ஆரம்பித்துவிட்டிருந்தான்: "சாரு ரெய்ஸுதான் பண்ணாரு, என் கண்ணால பாத்தேன். கிரிட்டுதான் தள்ளி வுட்டுச்சு." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். இருந்தாலும் நண்பன்.

"கிரிட் கோளாறுன்னு போட்டுடலாமா மேடம்?" என்றேன். சிரிக்கிற மாதிரிதான் கேட்டேன். சாம்பல் வாசனை அப்போதே மூக்கில் ஏறிவிட்டது. ஆறு நாள். ஆறே நாள்.

மேடம் தன் பங்கை எழுதினார்: லிமிட்டர் கார்டு இல்லாமல் மெஷினை ஓட்ட அனுமதித்தது நான். சோதனைக் காலத்தில் உள்ளவரைத் தனியாக விட்டது நான். லாக் புத்தகத்தில் எல்லா மணிக்கும் ஒரே எண் இருந்ததைக் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டது நான். மூன்று வரி. பேனாவை மூடாமல் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க உங்க வரியை எழுதுங்க. என்ன எழுதினாலும் நான் அடிக்க மாட்டேன்."

அப்புறம் இழுப்பறையைத் திறந்து, ஒரு கடலையை எடுத்து, உரிக்க ஆரம்பித்தார்.

பையன்களே, மலரில் போடுவதாக இருந்தால் இதை அப்படியே போடுங்கள். அன்று கிரிட்டில் ஒரு கோளாறும் இல்லை. மேடம் ரெய்ஸ் செய்யச் சொன்னார், பாபு அதைத் தெளிவாகச் சொன்னான், நான் தெளிவாகக் கேட்டேன். மேடம் தூரத்தில் இருந்தார், மணி பக்கத்தில் இருந்தது. நான் மணிக்குப் பயந்து சுவிட்சை லோயர் பக்கம் திருப்பி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் அதனால்தான் நின்றது. அறிக்கையில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடத்துக்கு மெமோ வந்தது, அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என்னை மறுவாரம் சாம்பல் பகுதிக்கு அனுப்பினார்கள். மறுபடி தேர்வெழுதி கண்ட்ரோல் ரூமுக்கு வரும்வரை, ஒரு வருஷமும் இரண்டு மாதமும் அங்கே இருந்தேன்.